பிஎச்ஆர்ஐ பரீட்சைக்குச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் 14 மாதமாக வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபா. வீட்டுச் செலவு போக 15,000 மிஞ்சும். எச்ஆர்சிஐ என்ற அமெரிக்க அமைப்பு தரும் பிஎச்ஆர்ஐ (PHRi) என்ற சர்வதேச மனிதவளச் சான்றிதழ் எடுக்க விருப்பம். தன்னுடைய சங்கிலியை அடகு வைக்கச் சொல்லுகிறா அம்மா. ஊழியர் சேமலாப நிதியில் (EPF) எடுக்க வழி இருக்கிறதா? (வாசகி, கொக்குவில்)

பதில்: சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். இன்று காசு கையில் இருந்தாலும் உங்களால் இந்தப் பரீட்சை எழுத முடியாது. பட்டதாரிக்கு 2 வருட மனிதவள அனுபவம் வேண்டும். உங்களுக்கு இன்னும் 10 மாதம் குறைகிறது. அவசரப்பட்டு விண்ணப்பித்தால் விண்ணப்பக் கட்டணம் 100 டொலர் போனதுதான், அது திரும்பி வராது.

பரீட்சைக் கட்டணம் 395 டொலர். இரண்டும் சேர்த்து 495. டொலரை 300 ரூபா என்று பிடித்தால் 148,500 ரூபா. மாதம் 15,000 போட்டால் 10 மாதத்தில் 150,000. காத்திருக்க வேண்டிய காலமே காசையும் சேர்த்துத் தந்துவிடுகிறது. ஆனால் அட்டையில் டொலர் கட்டும்போது வங்கி தன் பங்கைக் கூட்டி எடுக்கும், டொலரும் ஏறலாம். ஆகவே வீட்டுச் செலவில் 1,500 குறைத்து மாதம் 16,500 போடப் பாருங்கள். சம்பளம் விழுந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றிருந்தால் ஒன்றும் மிஞ்சாது. 150,000 ரூபாவை வருடம் 15 வீதத்தில் அடகில் எடுத்தால் வட்டி மட்டும் 22,500. சேமலாப நிதியை மறந்துவிடுங்கள். இடையில் எடுக்கும் 30 வீதம் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும்தான், அதுவும் 10 வருடச் சேவைக்குப் பிறகு.

அனுபவம் கேட்காத ஏபிஎச்ஆர்ஐ (aPHRi) என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறதே என்று யாராவது சொல்லுவார்கள். அது 400 டொலர். வேலை தேடும் புதுப் பட்டதாரிக்குச் சரி. அடுத்த வருடமே பிஎச்ஆர்ஐ எழுதப் போகும் உங்களுக்கு இரட்டைச் செலவு.

அந்த 10 மாதமும் சும்மா கழியக்கூடாது. ஊழியர் வரவுப் பதிவும் கோப்பு அடுக்கலும் மட்டும் செய்தால், அதை எழுதுவினைஞர் வேலை என்று எச்ஆர்சிஐ தள்ளிவிடக்கூடும். நேர்முகத் தேர்வு, பயிற்சி, முறைப்பாட்டு விசாரணை ஆகியவற்றில் பொறுப்புக் கேட்டு வாங்குங்கள். கடமைகளை விபரித்து நிறுவனத்திடம் கடிதமும் எடுத்துவையுங்கள். கட்டணத்தில் பாதியைத் தருவார்களா என்றும் அப்போதே கேட்கலாம். பதிலுக்கு 2 வருடம் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டினால், இடையில் விலகும்போது திருப்பிக் கட்டும் தொகை மாதாமாதம் குறையும் என்று எழுதச் சொல்லுங்கள்.

புத்தகத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பிஎச்ஆர் வேறு, பிஎச்ஆர்ஐ வேறு. முதலாவது அமெரிக்கத் தொழிற்சட்டத்தைக் கேட்பது. அதன் பழைய வழிகாட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், இங்கே ஒருநாளும் பயன்படாத சட்டங்களை மனப்பாடம் செய்வீர்கள். எச்ஆர்சிஐ இணையத்தளத்தில் இலவசமாக உள்ள பிஎச்ஆர்ஐ பாடத்திட்டத்தை அச்செடுத்து, அதன் தலைப்புகளுக்குப் படியுங்கள்.

மொத்தம் 115 கேள்விகள், 2 மணி நேரம். அதில் 25 புள்ளிக்குச் சேராத சோதனைக் கேள்விகள், எவை என்று தெரியாது. பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

இணையவழிக் கண்காணிப்பில் வீட்டிலிருந்து எழுதினால் கொழும்புப் பயணச் செலவு மிச்சம். ஆனால் யாராவது அறைக்குள் வந்தாலோ, நீங்கள் கேள்வியை வாய்விட்டு வாசித்தாலோ பரீட்சையை நிறுத்திவிடலாம். ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். கோயில் ஒலிபெருக்கி கேட்கும் வீடென்றால் திருவிழா நாட்களைத் தவிர்த்து, சத்தம் இல்லாத நேரம் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பெயரில் கவனம்: பட்டச் சான்றிதழில் முதலெழுத்தும் கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருப்பது நம்மிடையே வழமை. பதிவு செய்யும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் போடுங்கள். பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போகும்.

சித்தியடைந்த பிறகும் செலவு உண்டு. சான்றிதழைத் தக்கவைக்க 3 வருடத்துக்குள் பயிற்சி போன்றவற்றால் 60 புதுப்பிப்புப் புள்ளி சேர்த்து, டொலரில் புதுப்பிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதினால் அந்தக் கட்டணத்தையும் அதில் சேர்க்கக் கேளுங்கள்.