கவுண்டிச் சிறையும் 48 மணி நேரமும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் சில மாநிலங்களும் நகரங்களும் குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்த மறுப்பது சட்டமீறல்தானே? வங்கிக் கொள்ளையனை உள்ளூர் போலீசும் பிடிக்கிறது, எஃப்பிஐயும் பிடிக்கிறது. விசா முடிந்தும் தங்கியிருப்பவரை மட்டும் உள்ளூர் போலீஸ் பிடிக்கக் கூடாதா? இப்படி ஒத்துழைக்க மறுக்கும் 'சரணாலய நகரங்கள்' குற்றவாளிகளை ஒளித்து வைக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

எஸ்., டெக்சஸ்

அன்புள்ள எஸ்.,

வங்கிக் கொள்ளை கிரிமினல் குற்றம். விசா முடிந்து தங்கியிருப்பது சிவில் மீறல். அதற்கு விளைவு நாடுகடத்தல், சிறைத்தண்டனை அல்ல. எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடப்பது வேறு. அது குற்றம்தான், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டுத்தான் இரு தரப்பும் கத்துகிறார்கள்.

மாநிலம் தானே இறங்கினால் என்ன ஆகும் என்பதை அரிசோனா 2010-இல் சோதித்துப் பார்த்தது. பதிவு ஆவணம் கையில் இல்லாததையும் அனுமதியின்றி வேலை தேடுவதையும் அதன் எஸ்பி 1070 சட்டம் மாநிலக் குற்றங்களாக்கியது. நாடுகடத்தத் தக்கவர் என்று கருதினால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்றது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றையும் அடித்துவிட்டது. வேறு காரணத்துக்காக முறைப்படி நிறுத்திய ஒருவர் மீது சந்தேகம் எழுந்தால் அவருடைய குடியேற்ற நிலையை விசாரிக்கலாம் என்ற பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. அந்த விசாரணைக்காகவே ஆளைச் சாலையோரம் நிறுத்தி வைக்க முடியாது. போக்குவரத்து அபராத டிக்கெட் எழுதி முடிக்கத் தேவையான நேரத்தைத் தாண்டி ஒரு வாகனத்தை நிறுத்திவைக்கத் தனிச் சந்தேகம் வேண்டும் என்று 2015-இல் அதே நீதிமன்றம் சொன்னது.

இனி மறுப்பதற்கு வருவோம். மத்திய அரசின் வேலையைச் செய் என்று மாநில அதிகாரிக்கு மத்திய அரசு உத்தரவிட முடியாது. 1997-இல் உச்ச நீதிமன்றத்தில் இந்த விதியை வென்றெடுத்தவர்கள் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்க மாட்டோம் என்று வழக்குப் போட்ட ஷெரிஃப்கள், அதாவது கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) போலீஸ் தலைவர்கள். இன்று அதே தீர்ப்பு தாராளவாத நகரங்களின் கேடயம். இந்த வேடிக்கையை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

ஒளித்து வைப்பது நடைமுறையில் நடக்காத காரியம். கவுண்டிச் சிறையில் ஒருவரைப் பதியும்போது எடுக்கும் கைரேகை எஃப்பிஐக்குப் போகிறது, அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடுகிறது. சரணாலய நகரமானாலும் அப்படித்தான். ஆள் யார் என்று அத்துறையின் குடியேற்ற அமலாக்க அமைப்பான ஐசிஇக்குத் தெரியும். அடுத்து அவர்கள் ஐ-247ஏ என்ற படிவத்தை அனுப்புவார்கள். 'டிடெய்னர்' என்பது இதுதான்: இவரை விடுவிக்க வேண்டிய நேரத்துக்குப் பிறகும் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள், வந்து அழைத்துப் போகிறோம் என்ற வேண்டுகோள். கூடவே ஒரு வாரண்ட் வரும். அதில் கையெழுத்திடுபவர் குடியேற்ற அதிகாரி, நீதிபதி அல்ல.

சிக்கல் அந்த 48 மணி நேரத்தில் இருக்கிறது. ஜாமீன் கட்டியவரை, தண்டனை முடித்தவரை மேலும் பூட்டி வைப்பது புதிதாகக் கைது செய்வதற்குச் சமம். 2012-இல் ஓரிகன் மாநிலத்தின் கிளாக்கமஸ் கவுண்டி, டிடெய்னரை மட்டும் நம்பி ஒரு பெண்ணை விடாமல் வைத்திருந்தது. நியாயமற்ற கைதைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறிய பொறுப்பு கவுண்டியுடையது என்று 2014-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வந்தால்தான் பிடித்து வைப்போம் என்று அதன்பின் பல கவுண்டிகள் மாறின. கொள்கைப் பிடிப்பை விட கவுண்டி வக்கீலின் நஷ்டஈட்டுப் பயம்தான் அதில் அதிகம் என்பது என் கணிப்பு.

நீங்கள் டெக்சஸில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உங்கள் வாதம் பெருமளவு சரி. 2017-இன் எஸ்பி 4 சட்டப்படி டிடெய்னருக்குச் சிறைகள் கட்டுப்பட்டே ஆக வேண்டும். மத்திய அரசால் மாநிலத்தை ஏவ முடியாது, மாநிலத்தால் தன் கவுண்டிகளை ஏவ முடியும்.

மறுதரப்பும் மிகைப்படுத்துகிறது. சரணாலய நகருக்குள் ஐசிஇ வர முடியாது என்பது பொய். தெருவில் கைது செய்ய அதற்கு நகரின் அனுமதி தேவையில்லை. சிறையில் ஒப்படைக்காதவரைத் தேடி அவர்கள் வேலையிடத்துக்கும் குடியிருப்புக்கும் வருவார்கள், அப்போது பக்கத்தில் இருப்பவரும் மாட்டுவார். ஆகவே கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவரின் விடுதலை நேரத்தை முன்கூட்டியே ஐசிஇக்குத் தெரிவிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கலிஃபோர்னியாவின் எஸ்பி 54 கூட அதை அனுமதிக்கிறது. நீதிபதியின் கையெழுத்து இல்லாமல் கூடுதலாக ஒரு மணி நேரம் பூட்டி வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.