தணலில் தெரியும் சாஸின் குணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு உறவினர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுகிறார்கள். பிராய்க்காக (தென்னாப்பிரிக்கர்களின் தணல் வாட்டு விருந்து) பார்பிக்யூ சாஸ் வாங்கப் போனால் ஓர் அலமாரி முழுக்கப் பாட்டில்கள் நிற்கின்றன. மூன்றை வாங்கி வந்து கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தோம். ஆளுக்கொன்றை நல்லது என்கிறார்கள். எது நல்லது என்று முறையாகக் கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, கரண்டியில் எடுத்து நக்கிப் பார்ப்பதில்தான் நம்மில் பெரும்பாலோர் தவறிவிடுகிறோம். பாட்டிலிலிருந்து நேரே வாய்க்குப் போகும் சாஸில் முதலில் தெரிவது இனிப்பு. ஆகவே அந்தப் போட்டியில் சர்க்கரை மிகுந்த சாஸே எளிதில் வென்றுவிடும். அதே சாஸைக் கோழித் தொடையில் பூசி இரண்டு நிமிடம் தணலில் காட்டினால் அது வேறொன்றாகிவிடுகிறது: நீர் வற்றுகிறது, வினிகரின் நெடி ஆவியாகிக் குறைகிறது, இனிப்பு இறுகுகிறது, கோழியின் கொழுப்பும் உப்பும் அதனோடு கலக்கின்றன. சாஸை மதிப்பிடுவதானால் வாட்டிய பிறகே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஐந்து பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி வைத்தோம். பெயரும் படமும் விலையும் கண்ணில் பட்டால் நாக்கு நேர்மையாக இருக்காது. முதலில் ஒரு வெள்ளைத் தட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி விட்டுத் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்று தண்ணீராய் ஓடித் தட்டின் விளிம்பைத் தொட்டது; இன்னொன்று விட்ட இடத்திலேயே பளபளவென்று குமிழாய் நின்றது; மற்றொன்று மெல்ல நகர்ந்து, போன வழியெங்கும் சிவந்த படலத்தை விட்டுச் சென்றது. கறியில் நன்றாகப் பிடிப்பது இப்படி மெல்ல நகரும் வகைதான். குமிழாய் நிற்பதற்குப் பெரும்பாலும் கெட்டியாக்கச் சேர்க்கும் மாப்பொருளும் சாந்தன் பசையும் காரணம். அது கறியோடு சேராமல் மேலே தனித் தோலாக நின்று, கடிக்கும்போது உரிந்து வரும்.

பிறகு எலும்பு நீக்கிய தொடைக்கறியை ஒரே அளவுத் துண்டுகளாக்கி, உப்பு மட்டும் தடவி வாட்டி, இறக்கும் நேரத்தில் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சாஸைப் பூசி மீண்டும் சற்றே காட்டினோம். மசாலா தடவிய கறியில் சாஸை ஒப்பிட்டால் மசாலாவின் ருசிதான் தெரியும். காரம் குறைந்ததில் தொடங்கிக் கூடியதில் முடிக்க வேண்டும். இந்த வரிசையை அறிந்தவர் ஒருவர் மட்டும் ருசிக்காமல் பரிமாறட்டும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே உப்பில்லாத பாப் (மக்காச்சோளக் களி) ஒரு சிட்டிகையும் மாஸ் (புளித்த பால்) ஒரு மிடறும் போதும். மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் கரையாது; பாலின் கொழுப்பும் புரதமும்தான் அதை நாக்கிலிருந்து எடுத்துச் செல்லும். ருசித்தவர் எவரும் பேசுவதற்கு முன் தம் கருத்தை எழுதிவிட வேண்டும், ஏனென்றால் பெரியவர் ஒருவர் "இதுதான்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: கறியின் சுவை தெரிகிறதா, விழுங்கிய பிறகு வாயில் தங்குவது என்ன, அடுத்த துண்டை மனம் கேட்கிறதா.

எங்கள் வீட்டில் கரண்டியில் முதலிடம் பெற்ற சாஸ் கறியில் நான்காம் இடத்துக்கு இறங்கியது. கரண்டியில் எல்லோரும் முகம் சுளித்த, கடுகும் வினிகரும் தூக்கலான சாஸ் முதலிடத்துக்கு வந்தது. கொழுப்புள்ள கறிக்குப் புளிப்புத் துணை வேண்டும் என்பது நம் சமையலுக்குப் புதிதல்ல, ஆனாலும் பாட்டில் வாங்கும் நேரத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

கடையில் நிற்கும்போதே பாதித் தேர்வை முடித்துவிடலாம். பாட்டிலின் பின்புறமுள்ள பொருட்பட்டியல் எடை மிகுந்ததில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிடப்படுகிறது. சர்க்கரையோ குளுக்கோஸ் பாகோ முதலில் நின்றால் அது இனிப்புப் பூச்சு. தக்காளி முதலில் நின்றால் நடுத்தரம். வினிகர் முதலில் நின்றால் புளிப்புச் சாஸ். அமெரிக்காவில் இவை ஊர்வாரியாகவே பிரிந்து நிற்கின்றன: கன்சாஸ் சிட்டியில் தக்காளியும் கரும்புக் கழிவுப்பாகும் சேர்ந்த கெட்டிச் சாஸ், வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் சேர்ந்த நீர்த்த சாஸ், தென் கரோலினாவில் கடுகுச் சாஸ், அலபாமாவின் வட பகுதியில் மயோனைஸ் கலந்த வெள்ளைச் சாஸ். பார்பிக்யூ சாஸ் என்ற பெயரில் நாம் பெரும்பாலும் வாங்குவது கன்சாஸ் சிட்டி வழியில் வந்தது. அதன் பக்கத்திலேயே நிற்கும், மிளகாய்க் காரமுள்ள பெரிபெரி சாஸும், உலர்ந்த பீச்சும் ஆப்ரிகாட்டும் சேர்ந்த மிசஸ் பால்ஸ் சட்னியும், அத்தகைய சட்னியோடு தக்காளி, வெங்காயம், வூஸ்டர் சாஸ் சேர்த்துச் செய்யும் மங்கிகிளாண்ட் சாஸும் தென்னாப்பிரிக்கத் தணலுக்குப் பழகியவை. உங்கள் ஒப்பீட்டில் அவற்றில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டிலில் சிவப்பாக இருக்கும் சாஸ் கோழியில் பூசியதும் கருகிக் கசக்கிறது. உள்ளே எலும்பருகில் இரத்தம் தெரிகிறது. சாஸின் குறையா, என் குறையா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: சாஸில் குறையில்லை, பூசும் நேரம்தான் தவறு. நானும் தொடக்கத்தில் இப்படித்தான் பச்சைக் கோழியில் சாஸைத் தாராளமாகப் பூசித் தணலில் வைத்து, கரிக்கட்டை போன்ற தோலையும் வேகாத இறைச்சியையும் விருந்தாளிகள் முன் வைத்திருக்கிறேன்.

சாஸில் நீர் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். நீர் வற்றியவுடன் சூடு மளமளவென்று ஏறும். பழச்சர்க்கரை ஏறத்தாழ 110 பாகையிலும், சாதாரணச் சர்க்கரை ஏறத்தாழ 160 பாகையிலும் நிறம் மாறத் தொடங்கும். அதற்குமேல் போகப்போகக் கசப்பு கூடும். பாகு காய்ச்சும்போது ஒரு கணம் கவனம் தவறினால் என்ன ஆகிறதோ அதுவேதான் இங்கும் ஆகிறது. எலும்போடு கூடிய கோழித் துண்டு வேக முக்கால் மணி நேரம்வரை ஆகும். சாஸுக்குத் தேவை ஐந்து முதல் எட்டு நிமிடம்தான்.

ஆகவே நீறு பூத்த தணலில், கம்பி வலைக்குச் சற்று மேலே கையை வைத்து ஐந்துவரை எண்ண முடிகிற சூட்டில், உப்பும் மசாலாவும் மட்டும் தடவிய கோழியை முழுதாக வேக விடுங்கள். தடித்த பகுதியின் உள்ளே 74 பாகை வர வேண்டும். கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் இந்தச் சந்தேகம் ஒழியும். பிறகு சாஸை மெல்லிய பூச்சாக ஒரு முறை பூசித் திருப்பி, அது பளபளத்து ஒட்டியதும் இன்னொரு முறை பூசித் திருப்பினால், இரண்டு மூன்று பூச்சில் தடித்த மேற்பரப்பு கிடைக்கும். ஒரே பூச்சாகக் கொட்டினால் மேலே கருகும், கீழே பச்சையாகவே இருக்கும். சர்க்கரை குறைந்த பெரிபெரி சாஸையும் வினிகர் சாஸையும் சற்று முன்னதாகவே பூசலாம். பூரவோர்ஸ் என்னும் தொத்திறைச்சிக்குச் சாஸ் பூசவே வேண்டாம். அதன் கொத்தமல்லி மணத்தை மூடிவிடும்.

கேள்வி: 'ஹிக்கரி புகை' என்று எழுதிய சாஸ்கள் மற்றவற்றைவிட உயர்ந்தவையா?
– வாசகர், டொங்காட்

பதில்: ஹிக்கரி என்னும் அமெரிக்க மரத்தின் விறகை எரித்து வரும் புகையைக் குளிர்வித்துத் திரவமாக்கிச் சேர்ப்பதால் வரும் மணம் அது. எரிவாயு அடுப்பிலோ வீட்டு ஓவனிலோ வாட்டுகிறவர்களுக்கு அது பயன்படும். விறகுத் தணலில் வாட்டுகிறவர்களுக்கு வேண்டாம். இரண்டு புகை சேர்ந்தால் மருந்து நெடி அடிக்கிறது. இங்கே பிராய் விறகாக விற்கப்படும் சேகெல்போஸ் மரம் தமிழ்நாட்டில் விடத்தேரை என்று வழங்கும் அதே முள்மரம்தான். அதன் தணல் நின்று எரியும், புகையும் இனியது. அந்த மணத்தை விட்டுவிட்டுப் பாட்டில் புகைக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: செப்டம்பர் 24, பாரம்பரிய நாள், எங்களுக்குப் புரட்டாசி விரதத்தில் வருகிறது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் பிராய் போடும்போது பிள்ளைகள் ஏங்குகிறார்கள். பார்பிக்யூ சாஸ் சைவம்தானா? காய்கறிக்கு எது பொருந்தும்?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எல்லாச் சாஸும் சைவமல்ல. பல பார்பிக்யூ சாஸ்களில் வூஸ்டர் சாஸ் சேர்கிறது. இங்கிலாந்தின் வூஸ்டரில் தோன்றிய அந்தச் சாஸின் மூல முறையில் புளியோடு நெத்திலி வகை மீனும் உண்டு. மீன் சேராமல் செய்யும் வூஸ்டர் சாஸ்களும் விற்பனையில் இருப்பதால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. ஒவ்வாமை தரும் பொருள்களில் ஒன்று என்பதால் மீன் இருந்தால் அதை லேபிளில் குறிப்பிட்டே ஆக வேண்டும். பொருட்பட்டியலையும் அதன் அருகிலுள்ள ஒவ்வாமைக் குறிப்பையும் படியுங்கள். விரதம் காக்கிறவர்கள் கம்பி வலையையும் தூரிகையையும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சோளக்கதிர் தானே இனிப்பானது. அதன்மேல் கெட்டி இனிப்புச் சாஸைப் பூசினால் திகட்டும். கடுகுச் சாஸோ, எலுமிச்சை மணமுள்ள பெரிபெரியோ அதற்குப் பொருந்தும். பனீர் புளிப்பிட்டுத் திரித்தது என்பதால் தணலில் உருகாது. விரற்கடை தடிப்பில் வெட்டி, எண்ணெய் தடவி, இரு பக்கமும் கோடு விழ வாட்டிய பிறகு இனிப்புச் சாஸைப் பூசுங்கள். பனீருக்கென்று தனிச் சுவை அதிகம் இல்லாததால் அது இனிப்பைத் தாங்கும். கத்தரிக்காயை முழுதாகச் சுட்டுத் தோலுரித்து, பிசைந்த சதையில் ஒரு கரண்டி புளிப்புச் சாஸைக் கலந்து ரொட்டியோடு கொடுங்கள். பிள்ளைகள் ஏங்க மாட்டார்கள்.

கேள்வி: வாங்கிய சாஸ் மிகவும் இனிப்பு. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வேறு. பாட்டிலை வீணாக்காமல் சரிசெய்ய வழியுண்டா?
– வாசகர், லெனேசியா

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். லேபிளில் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று இருக்கும். அது 40 கிராம் என்றால், இரண்டு மேசைக்கரண்டி சாஸில், அதாவது ஏறத்தாழ 35 கிராமில், 14 கிராம் சர்க்கரை, மூன்றரைத் தேக்கரண்டி. அப்பாவின் பங்கைச் சாஸ் பூசாமல் மசாலாவிலேயே வாட்டி, சாஸை ஓரத்தில் ஒரு தேக்கரண்டி வைப்பதே சரியான வழி. புளி சேர்த்தால் நாக்குக்கு இனிப்புக் குறையுமே தவிர, பாட்டிலில் உள்ள சர்க்கரை குறையாது.

மற்றவர்களுக்கு இப்படிச் செய்யுங்கள்: ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டையும், டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் கிடைப்பது போன்ற சிவந்த மசாலா ஒரு தேக்கரண்டியையும் சிறு தீயில் மணம் வரும்வரை வதக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலையும் ஒரு கோப்பைச் சாஸையும் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறியபின் கரண்டியால் ருசித்தால் சற்றுப் புளிப்பாகவே தோன்றும். ஆட்டுக்கறித் துண்டில் பூசி வாட்டும்போது அளவாகிவிடும்.

கேள்வி: திறந்த பாட்டிலை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?
– வாசகி, ஸ்டாங்கர்

பதில்: குளிர்பெட்டியில் வைத்தால் நான் நான்கு மாதம்வரை பயன்படுத்துகிறேன். பச்சைக் கோழியில் பட்ட தூரிகையைப் பாட்டிலில் விடாதீர்கள். தேவையான அளவைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள். திறந்த தேதியை மூடியின்மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.