முகப்பு விளக்குக்குள் படியும் ஈரம்

கேள்வி: மழைக்காலக் காலைகளில் என் காரின் முகப்பு விளக்குகள் இரண்டிலும் உட்புறம் ஆவி படிந்து மங்கலாகிவிடுகிறது, விளக்கைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டியதும் அது மறைந்துவிடும். ஆனால் சென்ற வாரம் முதல் இடப்பக்க விளக்கில் மட்டும் நீர்த்துளிகள் வழிந்து அடியில் தேங்கி நிற்கின்றன. அந்த விளக்கில்தான் அண்மையில் பல்பு மாற்றினேன். விளக்கைச் சுற்றிலும் சிலிக்கான் பசை பூசி அடைத்துவிடும்படி நண்பர் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா?

பதில்: தயவுசெய்து பசையை இப்போது கையில் எடுக்காதீர்கள். உங்கள் காரில் இருப்பவை இரண்டு வெவ்வேறு நிலைமைகள். ஒன்று இயல்பானது, மற்றொன்று பழுது.

முகப்பு விளக்கு காற்றுப் புகாத பெட்டி அன்று. விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று சூடாகி விரியும்; அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இந்த அழுத்த மாற்றத்தால் மூட்டுகள் பிளந்துவிடாதிருக்க, விளக்கின் பின்புறத்திலோ அடியிலோ சிறிய சுவாசத் துளைகளை அமைத்திருப்பார்கள். சிலவற்றில் அது கீழ்நோக்கி வளைந்த ரப்பர்க் குழாயாக இருக்கும். சிலவற்றில் காற்றையும் ஆவியையும் விட்டு நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒட்டப்பட்டிருக்கும். அவ்வழியே ஈரக்காற்று வந்துபோவதால், குளிர்ந்த முன்மூடியில் மெல்லிய பனிப்படலம் படிவது எந்தக் காரிலும் நடக்கக்கூடியதே. விளக்கு சூடானதும் அது மறைகிறது என்றால் துளைகள் தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள்.

தேங்கி நிற்கும் நீர் அப்படிப்பட்டதன்று என்பதைச் சிறு கணக்கு காட்டிவிடும். 30 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான் தங்கும். விளக்கின் உள்ளிடம் 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு குளிர்ந்தாலும் ஒருமுறைக்குப் படியக்கூடிய நீர் 0.07 கிராம் அளவே, அதாவது ஓரிரு துளிகள். அடியில் குளம்போல் நிற்கும் நீரை உள்ளிருந்த காற்று மட்டும் தந்திருக்க முடியாது. வெளியிலிருந்து நீர் நேராக நுழைய எங்கோ வழி ஏற்பட்டிருக்கிறது.

பல்பு மாற்றிய விளக்கில் மட்டும் நீர் சேர்வதால், நான் முதலில் ஐயுறுவது பின்புற மூடியைத்தான். பல்பை மாற்றுபவர் ரப்பர் மூடியைச் சரியாகப் பதிக்காமல் விட்டிருக்கலாம், மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது புதிதாகப் போட்ட எல்.இ.டி. பல்பின் பின்பகுதி நீளமாக இருந்ததால் மூடியே போடப்படாமல் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது மிகவும் வருத்தம் தரும் வழக்கம். பொருத்தமில்லாத பல்புக்காக மூடியைக் கைவிட்டால் சக்கரம் வாரி இறைக்கும் நீரெல்லாம் உள்ளே போக வழியாகிவிடுகிறது. மூடி சரியாக இருந்தால், அடுத்து முன்மூடியில் மயிரிழை விரிசல் உண்டா, அது உடற்பெட்டியுடன் சேரும் ஓரத்தில் பசை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுவாசக் குழாய் கழன்றிருந்தாலும் நீர் வரும். அது சேற்றாலோ சிலந்தி வலையாலோ அடைபட்டிருந்தால் வந்த நீர் வெளியேறாது.

காரணம் கண்டறியுமுன் சுற்றிலும் பசை பூசினால், நுழைவழி அப்படியே இருக்க, ஈரம் வெளியேறும் துளைகள் மட்டும் அடைபட்டுப்போகக்கூடும். ஆகவே முதலில் உலர்த்துங்கள். பல்பையும் மூடியையும் கழற்றி, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் காட்டாமல் பின்வழியாகக் காற்றைச் செலுத்துங்கள். துணியை உள்ளே விட்டுத் துடைக்கவே கூடாது. பிரதிபலிப்பான்மேல் உள்ள அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, ஒருமுறை தேய்ந்தால் ஒளி குன்றிவிடும். ஹாலோஜன் பல்பின் கண்ணாடியையும் வெறும் விரலால் தொடாதீர்கள்.

உலர்ந்தபின் எல்லாவற்றையும் பொருத்தி, விளக்கு அணைந்து குளிர்ந்த நிலையில், கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக மெதுவாக நீர் ஊற்றிப் பாருங்கள். எந்த உயரத்தில் ஊற்றும்போது உள்ளே ஈரம் தெரிகிறதோ அங்கேதான் குறை. மூடியோ வளையமோ என்றால் புதிது போட்டால் போதும். ஓரப்பசை விட்டிருந்தால், விளக்கைக் கழற்றி, பழைய பசையை நீக்கிப் புதிதாக ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. திரும்பப் பொருத்தியதும் ஒளியின் சாய்வைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே நிற்கும் நீர் மின் இணைப்புகளை அரிப்பதோடு, ஒளியைச் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்யும்.

கேள்வி: எல்.இ.டி. விளக்குள்ள என் புதிய காரில் பனிப்படலம் மறைய நெடுநேரம் ஆகிறது. உள்ளே சிலிக்கா ஜெல் பைகளைப் போடலாமா?

பதில்: ஹாலோஜன் பல்பின் வெப்பத்தில் பெரும்பங்கு முன்மூடியைச் சென்றடையும், எல்.இ.டி.யின் வெப்பமோ பெரும்பாலும் பின்னால் உள்ள உலோகத் தகடுகள் வழியாக வெளியேறுகிறது. முன்மூடி குளிர்ச்சியாகவே இருப்பதால் படலம் தாமதமாகக் கலைகிறது. துளிகளாக வழியாதவரை கவலை வேண்டாம். சிலிக்கா ஜெல் சில நாட்களில் ஈரம் நிறைந்து பயனற்றுப்போகும். சுவாசத் துளை வழியே புதிய ஈரம் வந்துகொண்டே இருக்குமே! பை இடம்பெயர்ந்து சூடான பாகத்தில் படவும் கூடும். உத்தரவாதக் காலத்திலுள்ள கார் என்றால், படலம் படிந்திருக்கும்போதே நாள், நேரத்துடன் படம் எடுத்துச் சேவை மையத்தில் காட்டுங்கள். நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துவிடக்கூடும்.