கையில் ஒட்டிய சீட்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவல் படித்தேன், அடிமைப் பெண் ஒருத்தியின் கதை. பெற்ற தாயே மகளின் கழுத்தை அறுப்பது மிகையாகத் தோன்றியது. செத்த மகள் பேயாக வருவதும் மனதில் ஒட்டவில்லை. ஆனாலும் அந்தத் தாயின் மனவலிமையை மறக்க முடியவில்லை. பத்தாவது படிக்கும் என் மகளுக்குக் கொடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

பேய் உங்கள் ரசனை சார்ந்தது, விட்டுவிடுவோம். ஆனால் ‘மிகை’ என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாமே? 1856 ஜனவரியில், அடிமை முறை இருந்த கென்டக்கியிலிருந்து, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றின் மேல் நடந்தே, அது இல்லாத ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குத் தப்பிவந்த அடிமைப் பெண் மார்கரெட் கார்னர். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும் இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றாள். அந்தப் பழைய செய்தியிலிருந்துதான் 1987இல் நாவல் வந்தது.

‘மனவலிமை’ என்ற சொல்தான் என்னைச் சீண்டியது. என் தங்கைக்குப் பிள்ளை பிறந்த அன்று, குழந்தையின் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டர் துண்டு. அதில் பால்பாயின்ட் பேனாவால் தங்கை பெயர் மட்டும். “என் பேரு எங்கே?” என்றார் மாப்பிள்ளை. “பெத்தவ பேருதான் போடுவாங்க, தள்ளுங்க” என்றாள் அம்மா. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அப்புறம் பல வருடம் கழித்து, அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் 1662ஆம் வருடச் சட்டத்தைப் படித்தேன். பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயைப் பொறுத்தது என்கிறது அது. ஆங்கிலேயர் வழக்கத்தில் பிள்ளைக்குத் தகப்பன் நிலைதான். வர்ஜீனியாவில் மட்டும் ஏன் மாற்றினார்கள்? அடிமைப் பெண்ணிடம் எஜமானே பிள்ளை பெற்றாலும் அவனுக்குப் பொறுப்பில்லை, சொத்தில் ஒரு தலை கூடும். அதே தாய் பெயர்தான். ஆனால் அங்கே அது எஜமானின் கணக்கில் ஏறுகிற வரவு. அவள் பெற்றாள், அவளுடையதாக இல்லை. இதில் போய் மனவலிமையைத் தேடுகிறீர்களே!

மார்கரெட் பிடிபட்ட பிறகு நடந்த வழக்கைக் கேளுங்கள். மார்கரெட்டைக் காப்பாற்ற நினைத்த வக்கீல், அவள் மேல் கொலைக் குற்றம் சாட்டுங்கள் என்று போராடினார். ஆமாம், அவள் பக்கம் நின்றவரே! கொலைகாரி என்றால் ஒஹையோ சட்டம் அவளை மனுஷியாக விசாரிக்க வேண்டும், அந்த மண்ணிலேயே வைத்திருக்க வேண்டும். தூக்குக் கயிறு வரை போகக்கூடிய வழிதான், ஆனால் அவளுக்கு மிச்சமிருந்த நல்ல வழி அது ஒன்றே. நடந்தது வேறு. 1850ஆம் வருடத் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவள் இன்னொருவர் உடைமை, திருப்பி அனுப்பு என்று தீர்ப்பு. தெற்கே கொண்டுபோன வழியில் படகு விபத்தில் கைக்குழந்தையும் மூழ்கிப்போனது.

நாவலில் அந்தத் தாயின் பாலை வலுக்கட்டாயமாகப் பறிக்கிற பகுதி இருக்கிறது. அதைத் தாண்டி வந்த பிறகும் உங்களுக்குக் கழுத்தை அறுத்ததுதான் மிகையாகப் பட்டதா? உங்களைக் கடிந்து சொல்லவில்லை, முதல் வாசிப்பில் நானும் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியவன்தான்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? கொடுங்கள். பரீட்சை முடியட்டும்.