10க்கு 14 ஹாலில் 15 பேர்: வீட்டு அலங்காரக் கேள்வி பதில்

வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறவள் நான். பெரும்பாலும் சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்து அடுக்குமாடி வீடுகள். பண்டிகைக் காலம் நெருங்கினாலே ஒரே மாதிரிக் கேள்விகள் வரிசையாக வரும். அதனால் எல்லோரும் இங்கேயே கேட்டுவிடுங்கள், முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே: "என்ன கலர் அடிக்கலாம்" என்று யார் கேட்டாலும் "ஜன்னல் எந்தத் திசை" என்றுதான் திருப்பிக் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (அம்பத்தூர்): அக்கா, எங்கள் ஹால் 10க்கு 14 அடி. 3+1+1 சோபா போட்டிருக்கிறோம். அடுத்த மாதம் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். 15 பேராவது வருவார்கள். எங்கே உட்கார வைப்பது?

முதலில் அந்த இரண்டு ஒற்றை சோபாக்களைப் படுக்கையறைக்குத் தள்ளுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்களேன். மூன்று பேர் சோபா சுமார் 7 அடிக்கு 3 அடி, ஒற்றை ஒவ்வொன்றும் 3க்கு 3. மொத்தம் கிட்டத்தட்ட 40 சதுர அடி. உங்கள் ஹாலே 140தான். அதில் கால்வாசிக்கும் மேல் அடைத்துக்கொண்டு உட்காருவது ஐந்தே பேர்.

பெரிய சோபாவை நீளமான சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எதிர்ச்சுவரில் கைப்பிடி இல்லாத பெஞ்சு ஒன்று, 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், கொஞ்சம் நெருங்கினால் குழந்தையோடு நாலாவது ஆளுக்கும் இடம் உண்டு. நடுவில் டீப்பாய் வேண்டாம், அன்றைக்கு மட்டுமாவது அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் பவானி ஜமுக்காளம் விரித்து, சுவரோரம் நாலு திண்டு போட்டால் இளவட்டங்களும் குழந்தைகளும் தாமாகவே கீழே இறங்கிவிடுவார்கள். பத்தமடைப் பாய் பார்க்க அழகு, ஆனால் கேக்கும் ஜூஸும் கொட்டப்போகிற நாளில் அதை விரிக்க எனக்கு மனசு வராது. ஜமுக்காளத்தைத் துவைத்துக்கொள்ளலாம்.

மூட்டு வலி உள்ள பெரியவர்கள் எத்தனை பேர் என்று முன்பே எண்ணி வையுங்கள். பெஞ்சும் சோபாவும் அவர்களுக்கு. ஆழமான சோபாவில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கப் பாட்டிகள் படும் பாடு தெரியும்தானே? அவர்களுக்கு நிமிர்ந்த முதுகுள்ள சாதாரண நாற்காலியே மேல்.

இன்னொன்று. சாப்பாடு ஓரிடத்திலும், தண்ணீரும் கை கழுவும் இடமும் வேறோரிடத்திலும் இருக்கட்டும். எல்லாம் ஒரே மேசையைச் சுற்றி இருந்தால் அங்கேதான் கூட்டம் அடைக்கும். வாசலிலிருந்து சமையலறை வரை 3 அடி நடைபாதை எதுவும் மறிக்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி (வேளச்சேரி, வாடகை வீடு): மேல்மாடி. சாயங்காலம் யாராவது வந்தால் ஃபேன் போட்டும் வியர்த்துக் கொட்டுகிறது. ஏசி ஒன்றுதான், அதுவும் படுக்கையறையில். வேறு வழி உண்டா?

பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் பொழுது சாய்ந்ததும் அந்தச் சூட்டை உள்ளே விட ஆரம்பிக்கிறது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் உங்கள் தலையில் இறக்குகிறது. ஆகவே வைத்தியம் மொட்டை மாடியில்தான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இப்போது எல்லா பெயிண்ட் கடைகளிலும் கிடைக்கிறது. பாசியும் தூசியும் போகத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு கோட்டு. வீட்டுக்காரரிடம் "வீடு குளிரும்" என்று கேட்காதீர்கள். "தளத்துக்கு நல்லது சார், வெடிப்பு குறையும்" என்று கேளுங்கள். அதுவும் உண்மைதான். தளம் சூடாகி விரிவதும் இரவில் சுருங்குவதும் குறைந்தால் வெடிப்பும் குறையும்.

மேற்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டுங்கள். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் தடுப்பதால் பாதிப் பயன்தான்.

வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேலூர், மதுரை மாதிரி வறண்ட வெயிலில் அது அருமையாக வேலை செய்யும். சென்னைக் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் தண்ணீர் சரியாக ஆவியாகாது. வாசனை மட்டும் மிஞ்சும்.

கேள்வி (கோயம்புத்தூர்): புது வீட்டு ஹாலுக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போட ஆசை. "பராமரிப்பு கஷ்டம், விட்ரிஃபைடே போடுங்க" என்கிறார் எங்கள் கான்ட்ராக்டர். என்ன சொல்கிறீர்கள்?

போடுங்கள். ஆனால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் இதைச் சூளையில் வைத்துச் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் கரைத்த வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். கை கொஞ்சம் நடுங்கினாலும் கோடு கலங்கிவிடும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்து, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் உங்கள் தரையில் மேல்பக்கமாக வரும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. மெஷின் பாலிஷ் எதுவும் தேவையில்லை, மீறிப் போட்டால் வண்ணப் பரப்பே தேய்ந்துவிடும்.

அதனால் இது அடிப்படையில் சிமெண்ட் தரை. எலுமிச்சை, புளி, ஆசிட் கலந்த பாத்ரூம் கிளீனர் எது பட்டாலும் அரிக்கும். ஹாலுக்கும் தாழ்வாரத்துக்கும் பூஜையறைக்கும் சரி. சமையலறைக்கு வேண்டாம். போட்ட புதிதில் கொஞ்சம் மங்கலாக, வெள்ளை பூத்தது போல இருக்கும். கான்ட்ராக்டர்கள் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால், நடக்க நடக்க மெருகு ஏறும்.

ஆத்தங்குடிக் கல் சாதாரண டைல்ஸைவிடத் தடிமன். அடியில் கலவையும் தடிமனாக வேண்டும். கதவு நிலை வைப்பதற்கு முன்பே தரை மட்டத்தை முடிவு செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் கதவின் அடியைச் சீவ வேண்டிவரும். காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார் கிடைத்தால் கூலி கொஞ்சம் கூடினாலும் அவரையே வையுங்கள்.

நடுவில் பெரிய பூக்கோலமும் சுற்றிலும் பார்டரும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். அதன் மேலேயே கொண்டுபோய் சோபாவைப் போடுவதும் எல்லோரும் செய்வதுதான். சோபா எங்கே என்று தரையில் சாக்பீஸால் வரைந்துவிட்டு டிசைனை முடிவு செய்யுங்கள். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து கல் கூடுதலாகவும் வாங்குங்கள். பின்னால் ஒன்று உடைந்து புதிதாக வாங்கினால் நிறம் சேராது.

கேள்வி (திருச்சி): ஹாலில் எட்டு எல்இடி போட்டோம். வெளிச்சம் பிரமாதம். ஆனால் நகைக்கடையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்கிறார் மாமியார்.

மாமியார் சொல்வதுதான் சரி. நீங்கள் வாங்கியது 6500K ஆக இருக்கும், பெட்டியில் 'கூல் டேலைட்' என்று போட்டிருக்கும். K என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது அதுதான். ஹாலுக்கு 3000K வாங்குங்கள். சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000K. எட்டையும் மாற்ற வேண்டாம், நாலை மாற்றி அதற்குத் தனி சுவிட்ச் கொடுத்துவிடுங்கள். வீட்டைப் பெருக்கும்போது வெள்ளை, ஆட்கள் வந்தால் மஞ்சள். மூலையில் தரையோடு நிற்கும் விளக்கு ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து மட்டும் வந்தால் எல்லோர் கண்ணுக்குக் கீழும் நிழல் விழும்.

பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும், அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு. 90 கிடைத்தால் 80ஐ வாங்காதீர்கள். எண் குறைவான விளக்கில் அரக்குப் பட்டுப் புடவை பழுப்பாகத் தெரியும், மீன் குழம்பின் சிவப்பு செத்துப்போகும். இவ்வளவு சமைத்துவிட்டு அந்த வெளிச்சத்திலா பரிமாறுவது?

கேள்வி (தாம்பரம்): பாத்ரூமை ஒட்டிய ஹால் சுவரில் உப்பு பூத்து பெயிண்ட் உரிகிறது. தீபாவளிக்குள் வால்பேப்பர் ஒட்டி மறைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். ஈரம் பேப்பருக்குப் பின்னால் அடைபட்டு, பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கும். முதலில் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய்க் கசிவா, டைல்ஸ் இடுக்கா என்று பாருங்கள். ஊற்று நின்ற பிறகு பூச்சைச் சுரண்டி, சில வாரம் காயவிட்டு, அப்புறம்தான் சுவரை மட்டமாக்கும் புட்டியும் பெயிண்டும்.

பொதுவாகவே சொல்கிறேன்: வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கிவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் வெளிச்சுவருக்கு பெயிண்ட் அடிப்பது பணத்தை மழையில் கரைப்பதுதான். ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். இந்தத் தீபாவளிக்கு அந்தச் சுவரை மறைத்தே ஆக வேண்டும் என்றால், சுவரில் ஒட்டாமல் நாலு அங்குலம் தள்ளி ஒரு மரத் தடுப்பை நிறுத்துங்கள், காற்றுப் போகட்டும்.

கேள்வி (போரூர்): அபார்ட்மெண்ட் ஹாலில் ஊஞ்சல் மாட்டலாமா? ஃபேன் கொக்கியே தாங்கும் என்கிறார் கார்பெண்டர்.

அந்த கார்பெண்டரை முதலில் அதில் உட்காரச் சொல்லுங்கள்.

5க்கு 2 அடி தேக்குப் பலகை, சங்கிலி, பெரியவர்கள் இரண்டு பேர் என்றால் 200 கிலோவை நெருங்கும். ஆடும்போது இழுப்பு அதற்கும் மேலே போகும். ஃபேன் கொக்கி அதற்கானது அல்ல. பழைய வீடுகளில் உத்தரத்தில் வளையம் மாட்டினார்கள், கட்டும்போதே கம்பியோடு சேர்த்துக் கொக்கி வைத்த வீடுகளும் உண்டு. கட்டி முடித்த தளத்தில் புதிதாகத் துளை போடுவதென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து, பீமோரம் இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். தளத்துக்குள் ஒயர் குழாய் ஓடுகிறது, மேல்வீட்டுக்காரருக்கு அதுதான் தரை. அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்னும் பின்னும் தலா 3 அடி காலியாக இருக்க வேண்டும், ஆக 8 அடி ஊஞ்சலுக்கே போய்விடும். அவ்வளவு இடம் இருந்து, இன்ஜினியர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தரையில் நிற்கும் சட்டத்தோடு வரும் ஊஞ்சல் வாங்குங்கள். வீடு மாறினாலும் கூடவே வரும்.

அதே வாசகர்: கொக்கி கிறீச் கிறீச் என்று சத்தம் போடுமாமே?

கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாலு நாளில் பிசுபிசுத்துவிடும்.

கேள்வி (மதுரை): சமையலறைச் சுவரை இடித்து ஓப்பன் கிச்சன் ஆக்கலாம் என்கிறான் மகன். விருந்தாளிகளோடு பேசிக்கொண்டே சமைக்கலாமாம்.

அம்மா, உங்கள் வீட்டில் வாரம் எத்தனை நாள் கருவாடு? அதற்கான பதில்தான் இதற்கும். மிளகாய் தாளிக்கிற வீட்டில் முழுச் சுவரையும் எடுத்தால் விருந்தாளிகள் பேச மாட்டார்கள், தும்முவார்கள். சோபாத் துணியும் திரையும் எண்ணெய்ப் புகையைப் பிடித்துக்கொள்ளும். தவிர, பழைய வீடென்றால் அந்தச் சுவரே தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். இன்ஜினியர் பார்க்காமல் சம்மட்டி எடுக்கவிடாதீர்கள்.

சுவரில் 4க்கு 3 அடி பரிமாறும் ஜன்னல் ஒன்று, அதற்குத் தள்ளும் கண்ணாடிக் கதவு. தாளிக்கும்போது சாத்திக்கொள்ளலாம், தோசையை அப்படியே நீட்டலாம், பேச்சும் நடக்கும். சின்னத் திறப்புதான், ஆனாலும் மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் கட்டை வைக்காமல் வெட்டக் கூடாது. ஜன்னல் பலகையைக் கிரானைட்டில் ஓர் அடி அகலமாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (சேலம்): புது ஹாலில் பேசினால் எதிரொலிக்கிறது.

தரை டைல்ஸ், சுவர் வெறுஞ்சுவர், ஜன்னல் கண்ணாடி, வேறென்ன ஆகும்? கனமான பருத்தித் திரையை ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்குத் துணி எடுத்துச் சுருக்கம் விழத் தைத்துத் தொங்கவிடுங்கள். ஒரு சுவரில் புத்தக அலமாரி, தரையில் விரிப்பு. பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

கேள்வி (பெருங்குடி): சீர்வரிசையில் வந்த தஞ்சாவூர் ஓவியம். எங்கே மாட்டலாம்?

ஈரச் சுவரில் மட்டும் வேண்டாம். அடியில் இருப்பது மரப்பலகையும் துணியும் சுண்ணாம்புக் கலவையும், ஈரம் ஏறினால் தங்க ரேக்கு உப்பிக்கொள்ளும். நேர் வெயிலும் ஆகாது. உள்சுவர் ஒன்றில், நின்றுகொண்டு பார்த்தால் கண்மட்டத்தில் முகம் வருகிற உயரம். பக்கவாட்டிலிருந்து மஞ்சள் விளக்கு ஒன்று விழுந்தால் ரேக்கு மினுங்கும்.

கேள்வி (நங்கநல்லூர்): கொலுவுக்கு வருபவர்களின் செருப்பு படிக்கட்டு வரை பரவி, எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். இதற்கும் அலங்காரத்தில் பதில் உண்டா?

உண்டே. வாசலுக்கு வெளியே சுவரோரம் ஓர் அடி ஆழத்தில் மூன்று தட்டு இரும்பு ஸ்டாண்டு. நாலு அடி நீளம் என்றால் தட்டுக்கு ஐந்து ஜோடி வரும். அசோசியேஷன் சம்மதிக்காவிட்டால் நவராத்திரி ஒன்பது நாளும் கதவுக்கு உள்ளே பெரிய பிளாஸ்டிக் டிரே வைத்துவிடுங்கள். உயரம் குறைவான முக்காலி ஒன்றையும் பக்கத்தில் போடுங்கள், வார்ச் செருப்பு போட்டு வரும் மாமிகள் உட்கார்ந்து கழற்ற. அப்புறம் எதிர்வீட்டுக்கு முதல் நாளே சுண்டலோடு நீங்களே போய் அழைத்துவிட்டு வந்துவிடுங்கள்.