சாரலில் சாயம் போகாத தோரணம்

கேள்வி: ஆகஸ்ட் 15-க்குத் திண்ணையை நாங்களே அலங்கரிப்போம் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். போன வருஷம் கட்டின வண்ணத்தாள் தோரணம் சாரலில் நனைந்து, சாயம் சுவரெல்லாம் வழிந்துவிட்டது. வேறு என்ன செய்யலாம்?
- வாசகி, செங்கோட்டை

பதில்: ஆரியங்காவுக் கணவாய்க் காற்று நேராக வந்து இறங்குகிற ஊரில் வண்ணத்தாளை நம்பலாமா அக்கா? தையல்கடையில் வெட்டுத்துணி கேளுங்கள். காவி, வெள்ளை, பச்சை மூன்றையும் இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளத்துக்குக் கிழித்து (கத்தரிக்க வேண்டாம், கிழித்தால்தான் ஓரத்தில் நூல் பிரிந்து அழகாகத் தொங்கும்), பாதியாக மடித்துக் கயிற்றில் சுருக்குப் போட்டு நெருக்கமாகக் கட்டினால், நனைந்தாலும் காற்றில் தானே உலர்ந்துவிடும். காவியையும் பச்சையையும் முதலில் தனித்தனியாக நனைத்துப் பாருங்கள், சாயம் விடுகிற கள்ளன் எது என்று தெரிந்துவிடும்.

ஆனால் சக்கரம் வரைந்து குட்டிக் கொடிகளாகக் கோத்துவிடாதீர்கள். தேசியக் கொடியைத் தோரணமாகக் கட்டக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டுக் கொடி விதிகள் சொல்கின்றன. நிறங்கள் மட்டும் போதும். சக்கரம் வரைந்தே தீருவேன் என்கிற பிள்ளைக்கு 3:2 அளவில் ஒரு காகிதக் கொடி வெட்டிக் கொடுத்து, 24 ஆரங்களையும் எண்ணிப் போடச் சொல்லுங்கள். வீடு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அப்புறம் அதைத் தெருவில் விடாமல் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.