ஒரே தலைவலி, இரண்டு இடத்தில் ஊசி

வலி மருத்துவர் பதில்கள்

கேள்வி: பல வருடங்களாக எனக்கு ஒற்றைத் தலைவலி. சீன முறையில் அக்குபங்சர் செய்பவரிடம் போனேன். நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார், கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஊசி குத்தினார். அப்புறம் அக்குபங்சர் படித்த ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் தோள்பட்டையை அழுத்திப் பார்த்து, வலித்த இடத்திலேயே குத்தினார். 'கால்ல குத்தினா தலைவலி எப்படிப் போகும்?' என்று சிரிக்கிறார். யார் செய்வது சரி?

பதில்: அவர் சிரித்திருக்க வேண்டாம். நானும் டாக்டர் கட்சிதான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

காலில் குத்தியவர் குத்துமதிப்பாகக் குத்தவில்லை. 'ச்சி' என்ற உயிர்சக்தி உடலில் சில பாதைகளில் ஓடுகிறது என்பது சீன மருத்துவம்; அவர் குத்தியது அதில் கல்லீரல் பாதையின் மூன்றாவது புள்ளி. கல்லீரலின் 'யாங்' (சூடான, மேலெழும் சக்தி) அடங்காமல் மேலே ஏறினால் தலை வலிக்கும், அதைக் கீழே இறக்க வேண்டும் என்பது சீன மருத்துவக் கணக்கு. (உடனே லிவர் டெஸ்ட் எடுக்க ஓடாதீர்கள். அவர்கள் சொல்லும் கல்லீரல் வேறு, ஸ்கேனில் தெரிவது வேறு.) இப்படி 12 முக்கியப் பாதைகள், அவற்றோடு உடலின் நடுக்கோட்டுப் பாதைகள் இரண்டு, மொத்தம் 361 புள்ளிகள்.

உங்கள் டாக்டர் தேடியது, தசையில் இறுகிப்போன முடிச்சை. தோளின் மேல்தசையில் அப்படி ஒரு முடிச்சு இருந்தால் வலி கழுத்து வழியாக நெற்றிப்பொட்டு வரை போகும். அதைக் குத்தும்போது தசை ஒரு துடிப்புத் துடிக்கும். 'சரியான இடம்' என்று அவர் திருப்திப்பட்டிருப்பார். சீன முறையில் குத்துகிறவரும் ஒன்றை எதிர்பார்க்கிறார்: ஊசியைச் சுற்றி மந்தமாக ஒரு பாரம், லேசான குடைச்சல். அதை 'ச்சி' வந்து சேர்ந்துவிட்டது என்பார். நாங்கள் நரம்பு தூண்டப்பட்டது என்போம். அந்தத் தூண்டுதல் தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய், உடலே சுரக்கும் எண்டார்ஃபின் போன்ற வலிநிவாரணிகளை எழுப்புகிறது. எண்டார்ஃபினைத் தடுக்கும் நாலாக்சோன் கொடுத்தால் ஊசியின் பலன் குறைவதை 1970களிலேயே பார்த்தார்கள்.

ஆனால் எங்கள் கட்சியும் ரொம்பப் பெருமைப்பட முடியாது. ஜெர்மனியில் ஒற்றைத் தலைவலிக்காரர்களை மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006ல் வெளியானது. முறைப்படி ஊசி, புள்ளியே இல்லாத இடத்தில் ஒப்புக்கு ஊசி, வழக்கமான தடுப்பு மாத்திரை. தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தவர்கள் முறையே 47, 39, 40 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊசி மாத்திரைக்கு ஈடுகொடுத்தது என்றும் சொல்லலாம், எங்கே குத்தினாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது; ஏனென்றால் இடம் முக்கியம் என்றுதான் இரண்டு பேருமே சாதிக்கிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தடுப்பு மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு 5 முதல் 8 வாரத்துக்குள் 10 முறை வரை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறது, எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு. (அதே நைஸ், 2016ல் இடுப்புவலிக்கு ஊசி வேண்டாம் என்றது. நோய்க்கு நோய் கதை மாறும்.) இருவரில் யாரிடம் பொறுமையாகப் பேச முடிகிறதோ அவரிடம் தொடருங்கள். தலைவலி வந்த நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். 10 முறைக்கும் குறையவில்லையென்றால் நிறுத்திவிடலாம். சாப்பிடுகிற மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். அக்குபங்சர் செய்துகொள்ளலாமா?

பதில்: படுக்கையில் படுப்பதற்கு முன்பே மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) கட்டுக்குள் இருந்தால் மெல்லிய ஊசியை மேலோட்டமாகக் குத்தலாம், ஆழமாக வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுப்பது கூடாது. இன்னொன்று, இது எல்லோருக்கும்: தோள், முதுகு, மார்புப் பக்கம் குத்திக்கொண்ட பிறகு மூச்சுத் திணறினால் வீட்டில் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஊசி நுரையீரலைத் தொட்டிருக்கலாம். அரிதுதான், ஆனால் நடப்பதுண்டு.